ஜீப்புக்குக் கட்டிய காப்பு

மார்கழியின் கடைசி நாளில், ஊரே பூளைப்பூப் பறிக்க மேட்டுக்காட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, நொச்சிவலசுக்கு ஓர் அரசாங்க ஜீப் வந்தது. வந்தவர்கள் வந்த காரியத்தைச் சொன்னார்கள். ஊரில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. மாநிலத்துக்கென்று ஒரு காட்டுப்பூவைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம், அதற்குக் குழு போட்டிருக்கிறார்களாம், குழுவின் முன்னால் இருக்கும் நாலைந்து பூக்களில் பூளைப்பூவும் ஒன்றாம், அது எந்த ஊரில் எவ்வளவு வளர்கிறது என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். தலையில் பூக்கூடையோடு நின்று இதையெல்லாம் கேட்ட சாமியாத்தாள், கூடையை இறக்காமலேயே, "ஏனுங், நோம்பி நாளுல எந்த ஆபீசருங் சோலிக்கு வருவாங்க?" என்றாள்.

நியாயமான கேள்விதான். வேலை நாளிலேயே வராதவர்கள் பொங்கலுக்கு முந்தின நாள் வருகிறார்கள் என்றால், அதுவும் கழுதைகூட ஒரு வாய் கடித்துவிட்டுத் துப்பும் பூவைப் பார்க்க வருகிறார்கள் என்றால், அதில் ஏதோ இருக்கிறது. பூளைப்பூ மணக்காது. தலையில் வைக்க முடியாது, சாமிக்கு மாலை கட்ட முடியாது, சந்தையில் கொண்டுபோய்க் கொட்டினால் கூட்டித் தள்ளுவதற்கு ஆள் கூலி கேட்பான். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அதற்கு மரியாதை. அன்றைக்கு அதை ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் கற்றாழை நாரில் முடிந்து, வீட்டு எரவாணத்திலும் மாட்டுச்சாளையிலும் கிணற்று மேட்டிலும் காட்டு மூலையிலும் காப்பாகக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் அந்த இடத்துக்கு ஒன்றும் வராது. கட்டிய காப்பை யாரும் அவிழ்ப்பதில்லை. அதுவாகக் காய்ந்து, அதுவாக உதிர்ந்து, அடுத்த மார்கழிக்கு இடம்விட வேண்டும். அப்படிப்பட்ட பூவுக்கு மாநிலத்தில் என்ன வேலை?

சாமியாத்தாளுக்கு வயது ஐம்பதைத் தொடவில்லை. தலை மட்டும் முழு வெள்ளை. ஊரில் அவளைப் பூளைத்தலை என்பார்கள், அவள் காதுபடவே. அந்தத் தலை நரைத்த கதை ஊருக்கே தெரியும். சில வருடங்களுக்கு முன்னால் இதே போல ஒரு வண்டி வந்தது. இறங்கியவர்கள், மண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று தேனாகப் பேசினார்கள். அவளும் அவள் புருசனும் விருந்துக்கு ஒறம்பரை வந்ததாக நினைத்துப் பாயை விரித்து மோர் கரைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, நல்ல மோர் என்று சொல்லிவிட்டு, போகிறபோது காட்டின் நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கல் நின்ற இடத்தில்தான் மின்சார டவர் ஏறியது. கம்பிக்குக் கீழே நின்ற தென்னைகளை எல்லாம் வெட்டினார்கள். மழைக்காலத்தில் அந்தக் கம்பிக்கடியில் டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் அது தானாக எரியும். அதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வேடிக்கைக்கு வந்தார்கள். அவள் புருசன் வேடிக்கை பார்க்கவில்லை, சண்டை போடவும் இல்லை. கம்பி போடுகிற 'ம்ம்ம்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கட்டிலில் படுத்தான், அப்படியே போய்ச் சேர்ந்தான். அவளுக்கு மிஞ்சியது காட்டின் கீழ்க்கோடியில் ஒரு துண்டு. கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை. பூளை மட்டும் இடுப்பு உயரத்துக்கு மண்டிக் கிடக்கும். நாலு ஆடு மேய்த்து அவள் அதில்தான் பிழைத்தாள். அதுவும் போனால் அந்த ஊரில் கால் வைக்க அவளுக்கு ஒரு சாண் கிடையாது.

ஜீப் வந்து நின்றது அந்தத் துண்டின் ஓரத்தில்தான். இறங்கிய ஆபீசரம்மாவின் பெயர் ஜெயராக்கினி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். அவள் பூளைச் செடிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து போனதையும், ஒரு செடியை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டதையும் சாமியாத்தாள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். டேப் எடுக்கிறாளா என்றுதான் பார்த்தாள். எடுத்தாள். சின்ன டேப்தான், தையல்காரன் வைத்திருப்பது போல; செடியின் உயரத்தைத்தான் அளந்தாள். ஆனாலும் டேப் டேப்தானே.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போலக் காப்புக் கட்டக் கிளம்பினாள். காட்டு மூலையில் கட்டினாள், ஆட்டுப்பட்டியில் கட்டினாள், வழியில் நின்ற மாரப்பனின் டிராக்டருக்கு, அவன் கேட்டுக்கொண்டபடி, ஒன்று கட்டினாள், யாருடையதோ ஒரு டிவிஎஸ் வண்டியின் ஹேண்டில்பாரில் கட்டினாள். காப்பு நாளில் எதிரே நிற்கிற எதையும் வெறுமனே விட்டுவிட்டுப் போக நொச்சிவலசுக்காரர்களின் கைக்குத் தெரியாது. அந்தக் கை அப்படியே போய், முன்னால் நின்ற ஜீப்பின் பம்பரிலும் ஒரு கொத்தை வைத்து நாரைச் சுற்றி முடிச்சைப் போட்டுவிட்டது. முடிச்சு இறுகிய பிறகுதான் மனசுக்குத் தெரிந்தது. அடக் கொடுமையே என்று நெஞ்சில் கை வைத்தாள். ஆனால் கட்டியதை அவிழ்க்கக் கூடாது. பார்த்தும் பார்க்காதவள் போல வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஜீப் கிளம்பவில்லை. டிரைவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்று கடைசி பஸ் ஏறிப் போனவன், போனவன்தான். ஆபீசரம்மா அன்றிரவு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டாள். பொங்கலன்று விடிந்தபோது காப்பு வேர்விட்டிருந்தது. பம்பரிலிருந்து ஏறி, விளக்குகளை மூடி, பானெட்டைத் தாண்டி, கண்ணாடியில் படர்ந்து, கூரை வரைக்கும் பூளை பூத்து, ஜீப் முழுக்க வெள்ளையாக, நன்றாக வளர்ந்த ஒரு கிடாய் படுத்திருப்பதைப் போல இருந்தது. சக்கரங்களிலிருந்து வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு ஊரே வந்து பார்த்தது. மாரப்பன் அரிவாளால் ஒரு பக்கம் வெட்டினான். வெட்டிக்கொண்டு போகப் போக, வெட்டிய பக்கம் பின்னாலேயே பூத்துக்கொண்டு வந்தது. அவன் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு, "புடிச்சுக்கிச்சு" என்றான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். பிடித்துக்கொண்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. யார் சொல்லிப் பிடித்துக்கொண்டது என்பதுதான் சந்தேகம்.

ஊர்க்கூட்டம் வேப்பமரத்தடியில் கூடியது. மாரப்பன் பஞ்சாயத்தில் துணைத்தலைவர், எதிலும் ஏமாந்துவிடக் கூடாது என்பதே அவன் வாழ்க்கையின் லட்சியம். அவன் எழுந்து தெளிவாகச் சொன்னான்.

"இது புது டெக்குனிக்கிங்க. மொதல்ல ஒரு ஜீப்பக் கொண்டாந்து நிறுத்துவாங்க. அது நவுராது. ரெண்டு மாசங் கழிச்சு, ஜீப்பு நிக்கற எடம் கவருமென்டு எடம்பாங்க. அப்புறம் ஜீப்பச் சுத்தி வேலி. வேலியச் சுத்தி ரோடு. நாம அக்கட்டால நின்னு பாத்துட்டு இருக்கோணும்."

"அப்ப அந்தம்மாளத் தாட்டி உட்டுருலாமுங்க, பஸ்ஸுல" என்றாள் பாவாத்தாள். சாமியாத்தாளின் பக்கத்து வீட்டுக்காரி அவள்.

ஜெயராக்கினி போக மாட்டேன் என்றாள். ஜீப்பை விட்டுவிட்டுப் போனால் தலைமையிடத்தில் பதில் சொல்லியாக வேண்டும், ஜீப்பைப் பூ பிடித்துக்கொண்டது என்று சொன்னால் வேலை போய்விடும், இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று போனில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். இதைக் கேட்டு ஊருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. கடைசியில், காப்புக் கட்டியது யாரோ அவள்தான் ஆபீசரம்மாவுக்குச் சோறு போட வேண்டும், போடுவதோடு அவள் யாரோடு பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்று முடிவாயிற்று. அப்படித்தான் சாமியாத்தாள் தன் பூமியைப் பிடிக்க வந்தவளாகத் தான் நினைத்த ஒருத்தியைத் தன் வீட்டிலேயே வைத்து, அரிசியும்பருப்பும் ஆக்கிப் போட்டு, நெய்யும் விட வேண்டியதாயிற்று.

தை போனது, மாசி வந்தது. ஜீப் பூத்தபடியே நின்றது. ஊர் அதை மெல்ல மெல்லத் தன் சோலிகளுக்குள் இழுத்துக்கொண்டது. ஆடுகள் பம்பர் பக்கமாக மேய்ந்தன; மேய்ந்தது மறுநாள் முளைத்துவிடுவதால் கோடையிலும் தழைக்குப் பஞ்சமில்லை. பாவாத்தாளின் கோழி பின்சீட்டில் அடைகாத்தது. அந்த முட்டைகள் கோழிக்காரிக்கா, சீட்டுக்காரர்களான அரசாங்கத்துக்கா என்று மாரப்பன் ஒரு வழக்கைக் கிளப்பி இரண்டு கூட்டம் போட்டான். கல்லடைப்புக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, ஜீப்பில் பூத்த பூளைக்கு வீரியம் அதிகம் என்று சொல்லி, கஷாயத்துக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குடித்தவர்களில் சிலருக்குக் கல் கரைந்தது, சிலருக்குக் கரையவில்லை. கல்யாணமாகி வந்த ஒரு ஜோடி அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. ஆனால் எல்லாக் காரியங்களுக்கும் நடுவில், யாராவது ஒருவர், ஆடு மேய்க்கும்போதோ முட்டை பொறுக்கும்போதோ, சட்டென்று நிமிர்ந்து, "இருந்தாலும் இதுல ஏதோ இருக்குது" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

சாமியாத்தாள் வீட்டுக்குள் இருந்த சந்தேகம் வேறு மாதிரி. ஆபீசரம்மா கூட்டிப் பெருக்கினாள், ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டினாள், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஹாஸ்டலில் படிக்கிற மகளோடு போனில் பேசினாள். ஆளைப் பார்த்தால் சாமியாத்தாளுக்குப் பிடித்துத்தான் போயிற்று. பிடித்துப்போனதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மோர் குடித்தவர்களையும் அவளுக்குப் பிடித்துத்தானே இருந்தது. அதனால் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கும்போதெல்லாம், மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வைத்தாள்.

ஒருநாள் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏனுங் அம்மிணி, ஊருல பூவே இல்லீங்களா? எத்தன பூவு இருக்குது மணக்க மணக்க. எதுக்கு இதப் போயிப் புடிச்சீங்க?"

"நான்தான்க்கா குழுவுல இத எடுத்துச் சொன்னேன்" என்றாள் ஜெயராக்கினி. "யாரும் தண்ணி ஊத்தாம, யாரும் பாக்காம, தானா வளருதுல்லா. அப்படி ஒரு பூவுக்கு ஒரு பேரு கெடைக்கட்டுமேன்னு நெனச்சேன்."

சாமியாத்தாள் சுள்ளியைக் கீழே போட்டாள். யாரும் பார்க்காமல் சும்மா கிடக்கிற பூமி என்று டவர்க்காரர்கள் சொன்னதும் இதே குரலில்தான், இதே சிரிப்போடுதான்.

"பேரு கெடச்சா?"

"கெடச்சா... பாடப்புத்தகத்துல போடுவாங்க. பஸ்ஸுல படம் வரைவாங்க."

"எம்பட காட்ட என்ன பண்ணுவாங்க? அதச் சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

ஜெயராக்கினி அவள் கீழே போட்ட சுள்ளியை எடுத்து அடுக்கில் வைத்தாள்.

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. எனக்குத் தெரியல. அதிகமா வளருற எடத்தப் பாதுகாக்கணும்னு பேச்சு அடிபடுது. வேலி போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. பூவப் பறிக்கக் கூடாதுன்னும் சொல்லலாம்."

"பறிக்காம எப்படிங் காப்புக் கட்டறது?"

"அத நான் சொல்லிப் பாத்தேன். பாத்துக்கலாம்னாங்க."

பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று சாமியாத்தாளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள், அழுதுவிட்டாள். டவர் ஏறிய நாளில்கூட அத்தனை பேர் முன்னால் அழாதவள், ஒரே ஒருத்தி முன்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"இல்லீன்னு சொல்லிருங்க அம்மிணி. நொச்சிவலசுல பூளையே இல்லீன்னு சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கண்ணு முன்னால இவ்வளவு கெடக்கே. எப்படிக்கா இல்லன்னு சொல்லுதது?"

"நோம்பி நாளு வந்து எம்பட வயித்துல நெருப்பக் கட்டிட்டீங்க. எத்தன மாசமா உங்களுக்குச் சோறு போட்டுட்டு இருக்கறன். இத ஒண்ணுதான் கேக்கறன்."

சோற்றைச் சொல்லிக் காட்டியிருக்கக் கூடாது. சொன்ன உடனேயே அவளுக்கு நாக்கு கூசியது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் அவள் தயாராக இல்லை. ஜெயராக்கினி ஜீப் நின்ற திசையைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, குழுவின் தலைவருக்குப் போட்டு, குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், "நொச்சிவலசு பாத்துட்டேன் சார். இங்க பூளைப்பூ இல்ல சார். இல்ல, கொஞ்சம்கூட இல்ல" என்றாள்.

காற்று ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால் ஜீப்பின் மேலிருந்த வெள்ளைப் பஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பியது. கூரையிலிருந்து விட்டது, கண்ணாடியிலிருந்து விட்டது, விளக்குகளை விட்டது, கடைசியாகச் சக்கரத்து வேர்களும் மண்ணிலிருந்து நழுவிச் சுருண்டு உதிர்ந்தன. பஞ்சு மேலேறி, டவர் கம்பிகளைத் தாண்டி, தெற்கே போயிற்று. கழுவி வைத்ததுபோல ஜீப் நின்றது. பின்சீட்டில் பாவாத்தாளின் கோழி மட்டும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தது. பம்பரில் நார் முடிச்சு அப்படியே இருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. ஜெயராக்கினியே ஓட்டிக்கொண்டு போனாள். போவதற்கு முன்னால் சாமியாத்தாளின் கையைப் பிடித்து, "இல்லன்னு சொன்னது அதுக்கும் கேட்டுட்டு போலுக்கா" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சாமியாத்தாள் பிற்பாடு பல நாள் நினைத்தாள்.

அன்றைக்கு மட்டும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பூமி பிழைத்தது. அது போதும்.

ஆடி முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. மாநிலத்தின் காட்டுப்பூவாக எங்கோ ஒரு மலையடிவாரத்துப் பூவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஊதா நிறமாம்; வெள்ளைக்காரன் பெயர்கூட ஒன்று இருக்கிறதாம். டீக்கடையில் பேப்பரை வாசித்த மாரப்பன் டம்ளரை ஓங்கி வைத்தான்.

"நம்ம பூவுக்கு என்னங்க கொறச்ச? ஊதாப்பூவு கல்லக் கரைக்குமா? ஒரு ஜீப்பத் தூக்கி நிறுத்துமா? எவனோ உள்ள பூந்து கெடுத்துப்போட்டான். இதுல ஏதோ இருக்குது."

பூ தேர்வாகிவிடக் கூடாது என்று பாதி வருடம் பயந்து செத்த ஊர், தேர்வாகவில்லை என்றதும் அவமானத்தில் கொதித்தது. வேப்பமரத்தடியில் மறுபடி கூட்டம் கூடி, கெடுத்தவன் யார் என்று ஆராய்ந்தது. அடுத்த ஊர்க்காரர்களைச் சந்தேகித்தார்கள், ஓடிப்போன டிரைவரைச் சந்தேகித்தார்கள், பெரும்பாலும் ஆபீசரம்மாவையே சந்தேகித்தார்கள். "அந்தம்மா மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரியுங்க" என்று சொன்னது, ஆபீசரம்மாவிடமே குறிப்புக் கேட்டுப் புளிக்குழம்பு வைக்கப் பழகிய பாவாத்தாள். சாமியாத்தாள் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைக் குச்சியால் கீறிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். திறந்ததை ஒரு கொட்டாவியாக மாற்றிக்கொண்டாள். அந்தப் பெண் தன் காரியத்தைக் கெடுத்துக்கொண்டு தனக்காகச் சொன்ன பொய்க்கு, தன்னால் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்ல முடியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகையில் ஆவாரை பூத்தது, தும்பை பூத்தது, துளிர்க்க வேண்டியவை எல்லாம் துளிர்த்தன. பூளை மட்டும் வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துப் பார்த்து மார்கழியின் கடைசி நாளும் வந்துவிட்டது. கூடையும் கையுமாக ஊரே காட்டுக்குப் போய், வரப்புகளில் தேடி, பள்ளத்தில் தேடி, டவரின் நான்கு காலடியிலும் தேடி, வெறுங்கூடையோடு திரும்பியது. பக்கத்து ஊர்களில் கேட்டு வாங்கி வந்தார்கள். எல்லைக் கல்லைத் தாண்டியதும் கூடையிலிருந்த பூ கருகிப் பொடியானது. இல்லை என்றால் இல்லைதான். ஆவாரையையும் வேப்பிலையையும் மட்டும் கட்டினார்கள். நடுவில் வெள்ளை இல்லாமல் அது காப்பு மாதிரியே இல்லை, ஏதோ கீரைக்கட்டு மாதிரி தொங்கியது. அந்த வருடப் பொங்கல் யார் வீட்டிலும் சரியாகப் பொங்கவில்லை. பாதிப் பானை பொங்கி நின்றுகொண்டது. "ஆரு கண்ணு பட்டுதோ" என்றார்கள். ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

சாமியாத்தாளின் துண்டுக்காடு வெறும் மண்ணாகக் கிடந்தது. பூளை இருந்த இடத்தில் கோரைகூட முளைக்கவில்லை. ஆடுகளுக்கு வேலியோர வேம்பையும் ஆவாரையையும் அறுத்துப் போட்டாள்.

மாசியில் வண்டி வந்தது. ஜீப் இல்லை, பின்னால் கம்பிகளும் கற்களும் ஏற்றிய பெரிய வண்டி. இறங்கியவர்கள் பூவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பெரிய டேப்பை எடுத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய துண்டின் நடுவில் நடந்தார்கள். சாமியாத்தாள் கருக்கரிவாளும் தழைக்கட்டுமாக ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"என்னங் பண்றீங்க? இது எம்பட காடுங்க."

"தெரியும்மா" என்றார் அவர்களில் மூத்தவர், மரியாதையாகவே. "இன்னொரு லைன் வருது. நல்ல காட்டுல போட்டா எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க. இது ஒண்ணும் முளைக்காத பூமின்னு மேல சொன்னாங்க. வந்து பார்த்தா நிஜமாவே ஒரு புல்லுகூட இல்லையேம்மா. உங்களுக்கு இதால என்ன நஷ்டம்?"

இல்லை என்று சொல்லச் சொன்னது சாமியாத்தாள்தான். வேலிக்குப் பயந்து பூவை அனுப்பினாள். அந்தப் பூ இருந்திருந்தால் இந்த மண்ணை ஒண்ணும் முளைக்காத பூமி என்று ஒருத்தன் சொல்லியிருப்பானா? பேர் கிடைக்கட்டும் என்று வந்தவளை மோர் குடித்தவர்களோடு சேர்த்துப் பார்த்த தன் கண்ணை அவள் அந்த நிமிஷம் வெறுத்தாள். வண்டியிலிருந்து ஓர் ஆள் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான். மாரப்பனும் பாவாத்தாளும் இன்னும் சிலரும் ஓடி வந்து வரப்பில் நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. எல்லோருக்கும் தத்தம் காட்டை நினைத்துப் பயம்.

அவர்கள் பார்க்கும்போதே சாமியாத்தாள் வேப்பங்கொத்தில் கொஞ்சம் எடுத்தாள். ஆவாரையில் கொஞ்சம் எடுத்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்து, வெள்ளை முடியை ஒரு கைப்பிடி முன்னால் இழுத்து, கருக்கரிவாளால் அறுத்தாள். பாவாத்தாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். மூன்றையும் சேர்த்து, தழைக்கட்டின் நாரில் ஒரு பிரியை உருவி, நேராக அந்தப் பெரிய வண்டியிடம் நடந்து போய்ப் பம்பரில் வைத்துச் சுற்றினாள். போன முறை கை கட்டிய பிறகுதான் மனசுக்குத் தெரிந்தது. இந்த முறை மனசு முதலில் கட்டியது. கை பிறகுதான் முடிச்சைப் போட்டது.

"என்னம்மா இது?" என்றார் மூத்தவர்.

"காப்புங்க. எங்கூரு வழக்கம்."

"நல்லது நல்லது" என்று அவர் சிரித்தார். வெயிலுக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் மோர் கிடைக்குமாம்மா?" என்றார்.

சாமியாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மிச்ச முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"மோரு மட்டும் பத்தாதுங் சாமி. ராத்திரிக்கு எத்தன பேருக்குச் சோறாக்கட்டும், அதச் சொல்லுங்க."

"ஐயோ, நாங்க கல்லைப் போட்டுட்டு இப்பவே கிளம்பிடுவோம்மா."

"அதுக்கென்னுங்" என்றாள் அவள். "ஒறம்பரையா வந்துட்டீங்க. இருந்துதான் போவீங்க."

வரப்பில் நின்ற மாரப்பன் முதல் ஆளாகக் கீழே இறங்கி, கல் வைத்திருந்தவனிடம் போய், "கனமா இருக்குதுங்களா? இப்பிடி ஓரமா வெச்சிருங்க, நெம்ப நாளாகும்" என்றான். அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று அந்த ஆள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தான்.

சாமியாத்தாள் தழைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் யாரோ வண்டிச் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது. மறுபடி திருப்பினார்கள். மறுபடியும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது, பாவாத்தாளிடம் எவ்வளவு வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனாள்.